தாளைத் திருப்பிப் பிடித்தபோது: எஸ்டி உயர்வு தெரியாமல் வந்த ஒரு மாரடைப்பு

கொங்குப் பகுதியின் சிறுநகரம் ஒன்றில், ஆஞ்சியோகிராம் செய்யும் வசதி இல்லாத மருத்துவமனை ஒன்றின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விடியற்காலையில் வந்த ஒரு பெண்மணியின் நோய் வரலாறு இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். அவருடைய முதல் ஈசிஜியைப் பார்த்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் நான் எழுதிய முதல் வரி தவறானது. அதைத் திருத்தப் பதினாறு நிமிடங்கள் ஆயின. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, எது அதைத் திருத்த வைத்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவைத்தால், இதே மாதிரியான ஈசிஜியைக் கையில் வைத்துக்கொண்டு இரவுப் பணியில் நிற்கும் இளம் மருத்துவர்களுக்கும், வீட்டில் ஒருவருக்கு "வாயுப் பிடிப்பு" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

வந்த விதம்

வயது 56. வீட்டு முன்புறத்திலேயே இட்லிக் கடை நடத்துகிறவர். பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கு எழுதிக்கொடுத்த அம்லோடிபைனைத் தலை சுற்றுகிற நாட்களில் மட்டும் போட்டுக்கொள்வதாகப் பிறகு சொன்னார். அதிகாலை 3.30 மணிக்கு அடுப்பு மூட்ட எழுந்தவருக்கு மேல்வயிற்றில் எரிச்சலும் நெஞ்சில் பாரமும் தொடங்கி, இரண்டு முறை வாந்தி எடுத்து, ரவிக்கை முழுக்க நனையும்படி வியர்த்திருக்கிறது. மகன் ஸ்கூட்டரில் உட்கார வைத்து, பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, 4.35-க்கு எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

"அம்மாவுக்கு வாயுப் புடிச்சுக்கிச்சுங்க டாக்டர். ராத்திரியே ஒரு ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்தோமுங்க" என்றார் மகன்.

நான் அவரிடம், "நெஞ்சு வலிக்குதுங்களா அம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்று தலையசைத்தார். "அப்ப என்ன பண்ணுதுங்க?" என்று மாற்றிக் கேட்டபோதுதான் உண்மையான விடை வந்தது. "வலின்னு சொல்லத் தெரியலீங்க. ஆட்டுக்கல்லத் தூக்கி மேல வெச்ச மாதிரி பாரமா இருக்குதுங்க. முதுகுல, நடுவுல, ஒரே இழுப்பா இழுக்குதுங்க." சொல்லும்போதே அவருடைய வலது கை விரல்களை மடக்கி, நெஞ்செலும்பின் மேல் முட்டியாக ஊன்றிக்கொண்டது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் லெவைனின் பெயரால் அழைக்கப்படும் அடையாளம் அது. அது இல்லாததால் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோயாளி தானாக அப்படிக் கையை வைக்கும்போது அதைப் பார்க்காமல் விடுவது தவறு.

இங்கே சற்று நிற்க வேண்டும். நம்மிடம் வருகிறவர்கள் மாரடைப்பின் உணர்வை "வலி" என்ற சொல்லால் குறிப்பது, நான் பார்த்தவரை, பாதி நேரம்கூட இல்லை. அடைக்கிறது, கரிக்கிறது, பாரமாக இருக்கிறது, பிடித்து வைத்தாற்போல் இருக்கிறது, மூச்சு முட்டுகிறது, "ஒரு மாதிரியா இருக்கு" என்றெல்லாம்தான் சொல்கிறார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த உணர்வே மங்கலாக இருக்கும். பெண்களுக்குக் குமட்டல், மூச்சிரைப்பு, தாடை அல்லது முதுகுப் பகுதி வேதனை ஆகியவை நெஞ்சுப் பாரத்தோடு சேர்ந்து வருவது கூடுதல். எனவே "நெஞ்சு வலிக்கிறதா" என்று கேட்டு, "இல்லை" என்ற விடையை அப்படியே "நெஞ்சுவலி இல்லை" என்று பதிவு செய்யும்போது, நோயாளி பொய் சொல்லாமலேயே நாம் தவறான வரலாற்றை எழுதிவிடுகிறோம்.

வலி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கும் இதேபோல இரண்டு விடைகள் கிடைத்தன. முதலில் "ராத்திரியிலிருந்து" என்றார். இன்னும் கிளறியபோது, இரண்டு வாரங்களாகவே மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் பாதிப் படியில் நெஞ்சு இறுகியதும், சிறிது உட்கார்ந்தால் சரியானதும், முந்தைய நாள் மாலை ஏழு மணி வாக்கில் மாவு அண்டாவை நகர்த்தும்போது அதே இறுக்கம் இடது தோளுக்கும் பரவிப் பத்து நிமிடம் நீடித்ததும் வெளிவந்தன. புதிதாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைந்த உழைப்பிலேயே வந்து, நீடிக்கும் நேரமும் கூடிக்கொண்டுபோகும் இந்த இறுக்கத்துக்கு நிலையற்ற ஆஞ்சைனா என்று பெயர். இதயத் தமனியின் உட்சுவரில் உள்ள கொழுப்புப் படலம் வெடித்து அதன்மேல் ரத்தம் உறையத் தொடங்கிவிட்டது என்பதற்கான முன்னறிவிப்பு அது. மாரடைப்பு 3.30-க்கு நடந்தது, நோய் அதற்கு இரண்டு வாரம் முன்பே பேச ஆரம்பித்திருந்தது.

புகைபிடிக்கும் பழக்கம் இல்லை என்று மகன் சொன்னார், உண்மைதான். ஆனால் அம்மாவின் உதட்டோரத்தில் காவி படிந்திருந்தது. காலையிலிருந்து இரவு வரை வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு, மென்று சுவைக்கும் புகையிலையும் முதல் மாரடைப்பின் வாய்ப்பை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்த்துகிறது என்று காட்டியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் முந்தியிருப்பதையும் அதே ஆய்வுதான் தெளிவாக்கியது. "பீடி, சிகரெட் உண்டா" என்று மட்டும் கேட்கும் நம்முடைய படிவங்கள் கிராமத்துப் பெண்களின் புகையிலையைப் பதிவே செய்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பரிசோதனையும் முதல் ஈசிஜியும்

கைகள் சில்லிட்டிருந்தன. நாடித் துடிப்பு 94, ரத்த அழுத்தம் வலக்கையில் 148/90, இடக்கையில் 144/88, ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 96 சதவீதம், சர்க்கரை 286. நுரையீரலில் நீர் கோத்த ஒலி இல்லை. இதய ஒலிகளில் முணுமுணுப்பு இல்லை. மேல்வயிற்றை அழுத்தியபோது வேதனை கூடவில்லை.

ஆக்சிஜன் வைக்கவில்லை, "ஏங்க காத்து வெக்கலை?" என்று மகன் பதறினார். செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்காதவர்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பதால் உயிர் காக்கும் பயன் எதுவும் இல்லை என்பதைச் ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க அந்த நேரத்தில் இயலாது. "அம்மாவுக்குக் காத்து போதுமானதா இருக்குங்க, இப்ப மருந்துதான் வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

நெஞ்சுப் பகுதித் தொந்தரவோடு வருகிறவருக்கு வாசலைத் தாண்டிய பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. 4.42-க்குத் தாள் கையில் வந்தது. அதற்குள் செவிலியர் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். வியர்வையில் உறிஞ்சு குமிழ்கள் நிற்கவில்லை. துணியால் துடைத்துத் துடைத்து ஒட்டவைத்தார். பெண்களுக்கு ஈசிஜி எடுக்கும்போது கூச்சத்தின் காரணமாக லீடுகளை (தோலில் ஒட்டும் மின்முனைகளை) மார்பகத்துக்கு மேலேயே, சில சமயம் ஓரிரு விலா இடைவெளி உயர்த்தி வைத்துவிடுவது நம் ஊரில் சாதாரணம். நெஞ்சில் வைக்கும் ஆறு லீடுகளில் முதலிரண்டான வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். உயரே போனால் இல்லாத நோய் இருப்பதுபோலவும், இருக்கும் நோய் இல்லாததுபோலவும் தாள் காட்டும். அந்தச் செவிலியர் திரையை இழுத்துவிட்டு, ரவிக்கையைக் கழற்றி, போர்வையால் மூடி, விலா எலும்பை விரலால் எண்ணி வைத்தார். பின்னால் நடந்தவை எல்லாம் அந்தச் சரியான இடத்தில் வைத்த லீடுகளால்தான் சாத்தியமாயின.

தாளில் கீழ்ச்சுவரைப் பார்க்கும் 2, 3, ஏவிஎஃப் லீடுகள் இயல்பாக இருந்தன. பக்கச்சுவரைப் பார்க்கும் 1, ஏவிஎல் இயல்பு. எஸ்டி பகுதி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கூரான அலைத் தொகுதிக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு, எங்குமே உயரவில்லை. வி1 முதல் வி3 வரை ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. எஸ்டி தாழ்வு, கிடைமட்டமாக. நான் எழுதினேன்: "எஸ்டி உயர்வற்ற மாரடைப்பாக இருக்கலாம், முன்சுவர் ரத்தக்குறை, ஆஸ்பிரின், ஹெப்பாரின், டிரோபோனின் அனுப்பவும், உள்நோயாளியாகச் சேர்க்கவும்."

அந்த வரி ஏன் பெரும்பிழை என்பதைப் புரிந்துகொள்ள, அந்த இரண்டு பெயர்கள் நடைமுறையில் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். எஸ்டி உயர்ந்த மாரடைப்பு என்றால் தமனி முழுமையாக அடைபட்டிருக்கிறது என்று பொருள் கொண்டு, நிமிடக் கணக்கில் அதைத் திறக்க ஓடுகிறோம். எஸ்டி உயர்வு இல்லையென்றால் குழாய் பாதி திறந்திருக்கிறது என்று எண்ணி, மருந்து கொடுத்து, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ ஆஞ்சியோகிராம் செய்யலாம் என்று அமைதியாகிவிடுகிறோம். ஆனால் எஸ்டி உயர்வற்ற மாரடைப்பு என்று பெயரிடப்பட்டு ஆஞ்சியோகிராமுக்குப் போகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, மாரடைப்புக்குக் காரணமான தமனி முழுவதும் அடைபட்டே இருக்கிறது. தாளில் உயர்வு தெரியவில்லை என்பதற்காக அவர்களுடைய இதயத் தசை மெதுவாகச் சாவதில்லை.

பேனாவை மூடப் போனபோது இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, ரத்தக் குழாயை விரிக்கும் ஐசோசார்பைடு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தும் அவருக்குப் பாரம் குறையவில்லை. முட்டி இன்னும் நெஞ்சின் மேலேயே இருந்தது. மற்றொன்று, வி2-வில் ஆர் அலை (மேல்நோக்கிய கூரலை), அதையடுத்துக் கீழ்நோக்கி இறங்கும் எஸ் அலையைவிட உயரமாக நிமிர்ந்து நின்றது. டி அலையும் நிமிர்ந்திருந்தது. முன்சுவருக்கு ரத்தம் குறைவதால் எஸ்டி தாழ்ந்தால் அந்தத் தாழ்வு பெரும்பாலும் வி4, வி5, வி6 பக்கம்தான் ஆழமாக இருக்கும். இங்கே வலது ஓரத்து லீடுகளில் ஆழமாகவும் இடதுபக்கம் போகப்போக மறைந்தும் இருந்தது. "முதுகுல இழுக்குதுங்க" என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. முதுகில் உணரும் வேதனை இதயத்தின் எந்தச் சுவர் என்று காட்டிக்கொடுக்காது. அதை ஆதாரமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்தான் என் கவனத்தைப் பின்பக்கம் திருப்பியது.

தாளைத் தலைகீழாகப் புரட்டி, பின்புறம் என்னைப் பார்க்கும்படி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டி, பிறகு பலரும் மறந்துபோகிற பழைய வித்தை அது. இளஞ்சிவப்புக் கட்டங்களின் வழியே, தாழ்ந்திருந்த எஸ்டி உயர்ந்து வளைந்தது. நிமிர்ந்த ஆர் அலை, கீழ்நோக்கிய ஆழமான க்யூ அலையாகியது. நிமிர்ந்த டி அலை கவிழ்ந்தது. பாடப்புத்தகத்தில் அச்சிடும் எஸ்டி உயர்ந்த மாரடைப்பு அப்படியே தெரிந்தது.

பின்பக்கத்து லீடுகள்

வழக்கமான பன்னிரண்டு லீடுகளில் எதுவும் இதயத்தின் பின்சுவரை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அந்தச் சுவரில் எழும் எஸ்டி உயர்வை முன்னால் இருக்கும் வி1 முதல் வி3 வரையிலான லீடுகள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதால், கண்ணாடியில் இடம் வலமாக மாறுவதுபோல் உயர்வு தாழ்வாகப் பதிவாகிறது. பின்பக்கச் சுவருக்குப் பெரும்பாலும் ரத்தம் கொடுப்பது இடது சுழல் தமனி. மூன்று பெரிய இதயத் தமனிகளில் ஈசிஜியிடம் அதிகம் தப்பிப்பது இதுதான். எம்.ஆர்.ஐ. வந்தபிறகு "பின்சுவர்" என்ற பெயரே உடற்கூற்றுக்குப் பொருந்தாது, அது கீழ்ச்சுவரின் அடிப்பகுதியும் பக்கச்சுவரும்தான் என்று இதய நிபுணர்கள் திருத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் அவசரப் பிரிவில் பழைய பெயரே வேலைக்கு ஆகிறது. அது எங்கே லீடு வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

அவரை வலப்பக்கமாக ஒருக்களிக்கச் செய்தோம். வி4, வி5, வி6 கம்பிகளைக் கழற்றி, வி6 இருந்த அதே மட்டத்தில், அக்குளின் பின்கோட்டில் வி7, தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேரே வி8, முதுகெலும்பின் இடப்புறம் வி9 என்று வைத்தோம். இயந்திரத்துக்கு இது தெரியாது. அது பழையபடி வி4, வி5, வி6 என்றே அச்சடிக்கும். எனவே தாள் வந்த அடுத்த நொடியே பேனாவால் அவற்றை அடித்து வி7, வி8, வி9 என்று எழுதி, நேரத்தையும் குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மருத்துவமனையில் அந்தத் தாளைப் பார்க்கிறவர் குழம்பிப்போவார். இந்த லீடுகளில் அரை மி.மீ. உயர்வே போதும், தசைக்கும் தோலுக்கும் இடையே நுரையீரலும் முதுகுத் தசையும் இருப்பதால் அலைகள் சிறுத்தே தெரியும். இவருக்கு வி8-இலும் வி9-இலும் ஒரு மி.மீ. உயர்வு இருந்தது. நேரம் 4.58. முதல் வரியை அடித்துவிட்டு, "பின்சுவர் மாரடைப்பு, தமனி முழுமையாக அடைபட்டது" என்று எழுதினேன்.

நாங்கள் செய்தது ஓர் ஈசிஜியை இரண்டாக்கியது மட்டுமே. பின்பக்க லீடுகளும் தெளிவாக இல்லாமல், வேதனை மட்டும் நிற்காமல் இருந்திருந்தால், பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஈசிஜியை மீண்டும் மீண்டும் எடுத்திருக்க வேண்டும். அடைப்பு என்பது கதவு சாத்தியதுபோல் ஒரே நொடியில் நடந்து முடிவதில்லை. ரத்தக்கட்டி உறைந்தும் கரைந்தும், குழாய் மூடியும் திறந்தும் இருக்கும். தாளில் உயர்வு வந்துபோகும். திறந்திருந்த நிமிடத்தில் எடுத்த ஈசிஜி இயல்பாக இருந்தால் அது பொய் சொல்லவில்லை. அந்தப் பத்து நொடிகளைப் பற்றி மட்டும் உண்மை சொல்கிறது. "ஈசிஜி நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்று நாம்தான் அந்தப் பத்து நொடியை அடுத்த பத்து மணி நேரத்துக்கு நீட்டிவிடுகிறோம்.

டிரோபோனின் சொன்னதும் சொல்லாததும்

5.05-க்கு அட்டைச் சோதனையில் டிரோபோனின் இல்லை என்று வந்தது. ஒற்றைக் கோடு. மகனின் முகத்தில் நிம்மதி தெரிந்ததைப் பார்த்தேன். அதை உடனே கலைக்க வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

டிரோபோனின் இதயத் தசையின் சுருங்கு இழைகளில் இருக்கும் புரதம். தசை அணுக்கள் சாகும்போதுதான் ரத்தத்துக்குள் கசிகிறது. கசிந்தது சோதனைக்குத் தென்படும் அளவு சேர நேரம் பிடிக்கிறது. அட்டைச் சோதனைக்கு மூன்று முதல் ஆறு மணி நேரம்வரை தேவைப்படலாம். அதிநுட்ப டிரோபோனின் சோதனை இருக்கும் இடங்களில் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். வந்தவுடன் ஒரு அளவும், ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு அளவும் எடுத்து, எவ்வளவு ஏறியது என்று கணக்கிடுகிறார்கள். எங்கள் நோயாளிக்குப் பாரம் தொடங்கி ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த ஒற்றைக் கோட்டின் பொருள், தசை இன்னும் பெரிதாகச் சாகவில்லை என்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் அது வீட்டுக்கு அனுப்பும் காரணமல்ல. இன்னும் வேகமாக ஓடும் காரணம். எஸ்டி மாற்றம் உறுதியாகத் தெரிந்தபின் டிரோபோனின் முடிவுக்குக் காத்திருக்கவே கூடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்தத் தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். டிரோபோனின் கூடியிருந்தாலே மாரடைப்பு என்று ஆகிவிடாது. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, கடும் கிருமித்தொற்று, நுரையீரல் தமனி அடைப்பு, இதயத் தசை அழற்சி ஆகியவற்றிலும் அது கூடும். 2018-இல் வெளியான நான்காவது உலகப் பொது வரையறை, இதயத் தசைக் காயத்தையும் மாரடைப்பையும் தெளிவாகப் பிரிக்கிறது: டிரோபோனின் ஏறவோ இறங்கவோ செய்ய வேண்டும், அதோடு ரத்தக்குறைக்கான அறிகுறியோ, புதிய ஈசிஜி மாற்றமோ, எக்கோ ஸ்கேனில் புதிய சுவர் அசைவுக் குறைவோ, ஆஞ்சியோகிராமில் ரத்தக்கட்டியோ இருக்க வேண்டும்.

வேறு நோயாக இருந்தால்?

பின்முதுகுக்குப் பரவும் நெஞ்சு வேதனை என்றதும் மகாதமனியின் உட்சுவர் கிழிவதை நினைக்காமல் இருக்க முடியாது. அதற்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் நாமே கொன்றதாகும். இரு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தது அதற்காகத்தான். இருபது அலகுக்கு மேல் வேறுபாடு இருந்தால் சந்தேகம் வலுக்கும். இங்கே நான்குதான். தொடை நாடிகள் இரண்டும் சமமாக இருந்தன. வேதனை ஒரே நொடியில் கிழிபட்டதுபோல் உச்சத்துக்குப் போகவில்லை, மெல்ல ஏறியது. இவை கிழிசலை அறவே விலக்கிவிடா. ஆனால் பின்பக்க லீடுகளின் உயர்வோடு சேர்த்துப் பார்க்கும்போது தராசு ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. நுரையீரல் தமனி அடைப்புக்கு ஏற்ற மூச்சிரைப்போ, காலில் வீக்கமோ இல்லை. பித்தப்பைக் கோளாறுக்கு மேல்வயிற்றில் அழுத்தினால் வேதனை இருந்திருக்கும்.

இரைப்பை அமிலமா என்ற கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய இரவு போட்ட ஊசிக்குப் பிறகு அரை மணி நேரத்தில் "கேட்டுச்சு" என்றார்கள். அமில மருந்துக்கு வேதனை குறைவது இதய நோய் இல்லை என்று காட்டாது. ஐசோசார்பைடுக்குக் குறைவது இதய நோய்தான் என்றும் காட்டாது. ஆஞ்சைனா தானாகவே சில நிமிடங்களில் அடங்கும் இயல்புடையது. அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் கேட்டது என்று தோன்றும்.

அனுப்பிய வழி

4.58-க்கும் 5.20-க்கும் இடையில் ஆஸ்பிரின் 325 மி.கி. மென்று விழுங்கக் கொடுத்தோம். குளோபிடோக்ரெல் 600 மி.கி., அடோர்வாஸ்டாடின் 80 மி.கி., ஹெப்பாரின் ஆகியவையும் போயின. அடுத்து ஒரே கேள்வி: இங்கேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசி போடுவதா, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனைக்கு அனுப்புவதா? நோய் உறுதியான நிமிடத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பின் வழியே கம்பி நுழையும் என்றால் அனுப்பலாம். முடியாதென்றால் பத்து நிமிடத்துக்குள் ஊசி போட வேண்டும். பொதுவாக எஸ்டி தாழ்வுக்குக் கட்டி கரைக்கும் ஊசி போடக் கூடாது; பின்சுவர் மாரடைப்பு அதற்கு விதிவிலக்கு என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். இரண்டு தாள்களையும் படமெடுத்து அங்குள்ள இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாவது நிமிடம் அழைத்தார். "பின்பக்க லீடு எடுத்துட்டீங்களா, நல்லது. அனுப்புங்க, கேத் லேப்பைத் திறக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி மையங்களையும் இப்படி ஒரே வலையாகக் கோக்கும் முறை தமிழ்நாட்டில் முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2,420 நோயாளிகளைக் கொண்டு 2017-இல் வெளியான அந்த ஆய்வில், வலை அமைக்கும் முன் 17.6 சதவீதமாக இருந்த ஓராண்டு இறப்பு, அமைத்தபின் 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2023 முதல் தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றின் முதல் அளவையும் கொடுத்து அனுப்புகிறார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் அந்த வலையின் முதல் கண்ணி, இது மாரடைப்பு என்று ஒருவர் பெயர் சொல்வது. பெயர் சொல்லாதவரை வலை இழுபடுவதில்லை.

5.20-க்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் 6.25-க்குச் சேர்ந்தது. வலது மணிக்கட்டுத் தமனி வழியே ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இடது சுழல் தமனியின் பெரிய கிளை முழுவதுமாக, ரத்தக்கட்டியோடு அடைபட்டிருந்தது. இடது முன்னிறங்கு தமனியின் நடுவில் 50 சதவீதச் சுருக்கம். வலது தமனி நன்றாக இருந்தது. 6.51-க்குக் கம்பி அடைப்பைக் கடந்தது. நாங்கள் நோயைப் பெயரிட்டு 113 நிமிடங்கள் ஆகியிருந்தன. ஒரு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. "கல்லை எடுத்துட்டாங்க" என்று மேசையில் படுத்திருந்தபடியே அவர் சொன்னாராம். அங்கே எடுத்த அதிநுட்ப டிரோபோனின் அப்போது தெளிவாக ஏறியிருந்தது. எக்கோவில் பின்பக்கச் சுவரின் அசைவு குறைந்திருந்தது. ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 50 சதவீதம். மைட்ரல் வால்வில் லேசான கசிவு. பின்சுவர் மாரடைப்பில் வால்வைத் தாங்கும் தசைத்தண்டு பழுதாகிக் கசிவு திடீரெனப் பெருகலாம் என்பதால் அடுத்த மூன்று நாளும் அந்த முணுமுணுப்பைத் தினமும் கேட்டுப் பார்த்தார்கள். பெருகவில்லை. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

முந்தைய இரவு

இரவு ஒன்பது மணிக்கு அவரைப் பார்த்த மருத்துவர் ஈசிஜி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, இயல்பாகவே இருந்திருக்கலாம். ஆனால் 56 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகையிலை, இரண்டு வாரமாகப் படியேறினால் வரும் இறுக்கம் ஆகியவற்றை ஒன்றாக அடுக்கியிருந்தால், ஈசிஜி இயல்பாக இருந்தபோதும் அவரை வீட்டுக்கு அனுப்பும் துணிவு யாருக்கும் வந்திருக்காது. அங்கே ஈசிஜி இயந்திரத்தைவிட முக்கியமாக விடுபட்டது "படி ஏறினால் என்ன பண்ணுது?" என்ற கேள்வி. அவரைக் குற்றம் சாட்ட எனக்கு வாய் வரவில்லை. எஸ்டி உயர்வு இல்லை என்று எழுதிய என் கையும் அதே பழக்கத்தின் கைதான்.

இந்தப் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதுமல்ல. 1955 செப்டம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் டென்வரில் கோல்ஃப் விளையாடினார். மதியம் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டிருந்தார். நெஞ்சில் ஏற்பட்ட தொந்தரவுக்கு அந்த வெங்காயத்தையே காரணமாக நினைத்தார். நள்ளிரவுக்குப்பின் கடும் நெஞ்சு வேதனை வந்தது. மறுநாள் காலை பத்திரிகையாளர்களுக்குச் சொல்லப்பட்டது செரிமானக் கோளாறு என்று. ஈசிஜி எடுத்தது நண்பகலைத் தாண்டி. அதில் முன்சுவர் மாரடைப்பு தெரிந்தது. உலகின் மிக நன்கு கவனிக்கப்பட்ட நோயாளி ஒருவருக்கு, பக்கத்திலேயே மருத்துவர் இருந்தும், வேதனைக்கும் ஈசிஜிக்கும் இடையே ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓடியது. வெங்காயம் கண்ணுக்குத் தெரிகிறது, தமனி தெரிவதில்லை.

ஆறு வாரங்களுக்குப் பிறகு

மறுபரிசோதனைக்கு வந்தபோது படியேறினால் இறுக்கம் இல்லை என்றார். கெட்ட கொழுப்பு 148-இலிருந்து 71 ஆக இறங்கியிருந்தது. 55-க்குக் கீழே கொண்டுவர எஸெடிமைப் சேர்த்தோம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4 ஆக இருந்ததால் மாத்திரைகளை மாற்றினோம். முன்னிறங்கு தமனியின் பாதிச் சுருக்கத்துக்கு இப்போதைக்கு மருந்து போதும் என்பது இதய மருத்துவரின் முடிவு. புகையிலையை விட்டுவிட்டாரா என்று கேட்டதற்கு, "வெத்தலை மட்டும் போடறேனுங்க" என்றார். மகனுக்கு 33 வயது. தாத்தா ஐம்பதாவது வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனதை அன்றுதான் சொன்னார். அவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தேன்.

புறப்படும் முன் அன்று எடுத்த ஈசிஜியை இரண்டு நகல் எடுத்தோம். ஈசிஜியின் வெப்பத்தாள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் நகல் வேண்டும். வி2-வின் உயர்ந்த ஆர் அலை இனி இவருக்கு நிரந்தரமாக இருக்கக்கூடும். அடுத்தமுறை இவர் எந்த ஊரில் எந்த நேரத்தில் போய் நின்றாலும், அங்குள்ளவர் புதிதாக மாறியது எது என்று பார்க்க இந்தத் தாள் தேவைப்படும். அதன் ஓரத்தில் தேதி, ஸ்டென்ட் வைத்த கிளை, "வேதனை இருந்தால் வி7, வி8, வி9-உம் எடுக்கவும்" என்று எழுதி, ஒன்றை எங்கள் கோப்பில் வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடிக்கப் போனார். மகன் வாங்கி, மடிக்காமல் மாத்திரை அட்டைகளுக்கு நடுவே பைக்குள் வைத்தார்.